மினிட்ஸில் ஏறாதது

அறுப்பின் பண்டிகை ஏலத்தில்
பதினேழாவது உருப்படி:
தேயிலைத்தூள், முக்கால் கிலோ.
கொடுத்தவர்: சாந்தபாய், மேல் லயம்.
இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

அதற்கு முன்னால் எல்லாம் ஒழுங்காய்த்தான் போனது.
கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்த திராட்சைக் கூடை
குமுளி செக்போஸ்ட்டில் இரண்டு குலை குறைந்து
நானூற்றைம்பதுக்குப் போனது.
ஒரே சேவலை மூன்று பேர் எடுத்து
மூன்று பேரும் திரும்பக் காணிக்கையாய் விட்டதில்
ஆயிரத்து எழுநூறு.
அது மைக் வயரைக் கொத்திக்கொண்டிருந்தது.

பிறகு இந்தத் தூள்.
துணிக்கடைப் பையில், சணல் போட்டுக் கட்டி.

"எந்தக் காட்டுக் கொழுந்து?"
முன் பெஞ்சிலிருந்து கேட்டார் ரைட்டர் தனசிங்.
பித்தளைத் தகட்டில் துரையின் பெயரை
நாங்கள் இன்னும் துடைத்து வைத்திருக்கும் பெஞ்சு.

சாந்தபாய் எழுந்து நின்றாள்.
"ஆறாம் நம்பருங்க.
இருபத்தெட்டு வருஷம் நான் எடுத்த நிரை."

ஃபாக்டரி பூட்டி ஏழு வருஷம்.
கம்பெனி கோர்ட்டில் இருக்கிறது.
எங்கள் கிராஜுவிட்டியும் அங்கேதான் இருக்கிறது.
கவாத்து காணாத செடி மரமாகி
அடியில் பன்றி குட்டி போடுகிறது.
ஓரத்து நிரைகளை மட்டும்
விடியுமுன் யாரோ கிள்ளுகிறார்கள்.
யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

"கர்த்தருடைய மேசையில திருட்டுக் கொழுந்தா?"

ரைட்டர் கெட்டவரில்லை, அதையும் சொல்ல வேண்டும்.
மண் சரிந்த வருஷம் நான்கு குடும்பங்களைத்
தன் முன்னறையில் படுக்க வைத்தவர்.
செக்ரோல் எழுதிய கை,
வராத ஆளுக்குப் பேர் போடாது.

கமிட்டி அங்கேயே கூடியது,
ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி நின்றபடி.
திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர்.
வேறு பெயரில் எழுதலாமே என்றார் பொருளாளர்,
அவர் எப்போதும் அப்படித்தான்.
டயாலிசிஸ் ஜீப்புக்குத்தானே பணம் என்றாள் ஃபுளோராள்.
வாரம் இரண்டு நாள் கட்டப்பனைக்குப் போகும் ஜீப்.
அதில் ஏறும் ஐவரில் மூவர் எங்கள் கோயிலே இல்லை,
ஒருவர் ரைட்டரின் மச்சினர்.

சாந்தபாய் இன்னும் உட்காரவில்லை.
விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.
"மிஷினா இருக்கு? வாட்டிக் கையாலதான் கசக்குனேன்.
நல்லாருக்கும்."
அவள் தரப்பு வாதம் அவ்வளவுதான்.

ஜோபி அச்சன் அங்கியோடு இறங்கி வந்தார்.
கோட்டயத்துக்காரர், நாலு வருஷமாய்த்
தமிழில் தடுக்கித் தடுக்கிப் பிரசங்கம்.
பையைப் பிரித்து முகர்ந்தார்.
"வெள்ளம் வைக்கணும்" என்றார்.

கோயில்பிள்ளை வேதக்கண் வாயைப் பிளந்தார்.
நோவா பிரசங்கத்தன்றும் இதே குழப்பம்,
பேழைக்குள்ளே குடிக்க வெள்ளம் இருந்ததென்று.
"பெரிய பாத்திரத்தில வெள்ளம். எல்லார்க்கும்."

கிறிஸ்துமஸ் பிரியாணி அண்டா அடுப்பேறியது.
இருநூற்றுப் பத்துப் பேர்.
எவர்சில்வர் டம்ளர், பேப்பர் கப்,
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு பாட்டில் மூடி.
சர்க்கரை பத்தவில்லை.
கொஞ்சம் புகை வாடை, நிறம் வெளிறல்.
கம்பத்து விருந்தாளிகள் இரண்டாம் தடவையும் நீட்டினார்கள்.

ரைட்டர் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு
ஆவி அடங்கும்வரை பார்த்தார்.
பிறகு பழக்க தோஷத்தில்
ஃபாக்டரியில் ருசி பார்க்கிறவர்போல
சத்தமாய் உறிஞ்சினார்.
"வாட்டுனது பத்தல."
"அடுத்த வருஷம் பாக்கலாம்ங்க" என்றாள் சாந்தபாய்,
உட்கார்ந்தாள்.

சக்கையை வேதக்கண் வாளியில் அள்ளிக்கொண்டுபோய்த்
துரை கல்லறையின் ரோஜாச் செடிக்குக் கொட்டினார்.
ஏலம் விட ஒன்றும் மிச்சமில்லை.

பதினேழுக்கு நேரே தொகை எழுதும் கட்டம்.
குடித்தாயிற்று என்று எழுதினால்
பேராயர் ஆபீஸ் ஆடிட்டர் என்ன கேட்பாரோ.
ஒரு கோடு இழுத்தேன்.
அடுத்த வரியில் எழுதினேன்:
பதினெட்டு. சேவல், நாலாவது முறை.