ரெண்டு நாள், நாலு பேர்

முதல் போன் வந்தது ஆனிக் கச்சானில்.
பெட்ரோல் பங்க் வரிசையில்
ஆட்டோவைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
"ஈரோட்டிலிருந்து பேசறேன். ரெண்டு நாள், நாலு பேர்.
அத்தைக்கு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடணும்.
அவருக்குக் கடல், கடல் மட்டும்.
பாப்பா பவளப்பாறை பார்க்கணுங்கறா."
உங்களுக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
பங்க்கில் என் முறை வந்துவிட்டது.

சந்தியாகப்பர் திருவிழா நோட்டீஸின் முதுகில்
அன்றிரவு எழுதினேன்:
விடியலில் அக்னி தீர்த்தம், பிறகு உள்ளே கிணறுகள்.
வாளி வாளியாய்த் தலையில் விழும், மாற்றுத்துணி கட்டாயம்.
பத்தரைக்குப் பாம்பன் பாலம்,
ரயில் வந்தால் அவர்கள் அதிர்ஷ்டம்.
அறிச்சல்முனைக்கு மூன்றுக்கே கிளம்பணும்,
இருட்டுமுன் போலீஸ் விசில் ஊதி விரட்டும்.
மீன் கூடாது, ரெண்டு நாளும். அத்தை உத்தரவு.
குருசடைக்குப் படகு. அதன்மேல் ஒரு கேள்விக்குறி.

தென்கடலை இங்கே ஆண்கடல் என்போம்.
கச்சான் அடிக்கையில் அதற்குக் காது கேட்காது.
வடக்கே பெண்கடல், அந்நேரம் குளம்.
"தையில் வாங்கம்மா," என்றேன் மறுநாள்,
"வாடை திரும்பினா ரெண்டும் குணத்தை மாத்திக்கும்."

உச்சிப்புளியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு வாங்கினேன்,
நீலம், பின்சீட்டை மூடி இருபுறமும் தொங்குகிற அளவு.
கிணறாடிய நாலு பேர்
சொட்டச் சொட்ட ஏறுவார்கள் இல்லையா?

புரட்டாசியில்:
"பாப்பாவுக்கு டியூஷன் வெச்சுட்டாங்க."
பவளப்பாறையை அடித்தேன்,
கேள்விக்குறியும் அதோடு போயிற்று.

கார்த்திகையில், மழைச் சத்தத்துக்கு நடுவே:
"அத்தைக்கு முட்டி ஆபரேஷன்."
கிணறுகளின் மேல் பேனாவை வைத்தேன்.
"அதை அடிச்சுடாதீங்க," என்றது குரல்.
எப்படித் தெரிந்தது?

தை பிறந்து ஒன்பதாம் நாள்:
"ஒரு டிக்கெட்தான் போட்டிருக்கேன்."
"சார்?"
லைனில் கடல் போல ஓர் இரைச்சல்.
ஈரோட்டில் ஏது கடல், லாரியாயிருக்கும்.
ஆள் குறையக் குறைய
தாளில் இடம் கூடிக்கொண்டே வந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கினார் கோகிலவாணி.
ஒரு தோள்பை, கையில் ஒரு குட்டி நீச்சல் கண்ணாடி.
"பாப்பா குடுத்துவிட்டா. பார்த்துட்டு வந்து சொல்லணுமாம்."
அடித்ததன் கீழே மறுபடி எழுதினேன்.
குந்துகாலில் ஆண்கடல் பூனையாய்ப் படுத்திருந்தது.
படகிலிருந்து திரும்பியவர் நெற்றியில்
கண்ணாடி அழுத்திய சிவப்பு வளையம்.
"பாறையெல்லாம் மூளை மாதிரி இருக்குண்ணா,
யாரோ தண்ணிக்குள்ள யோசிச்சுட்டே இருக்காங்க."

தனுஷ்கோடிக் கொட்டகையில்
பாறை மீன் வறுவல் ரெண்டு தட்டு.
"நாளைக்குக் கோயிலும்மா," என்றேன்.
"நாளைக்குத்தானே," என்று முள்ளை உறிஞ்சினார்.

அறிச்சல்முனையில் கேட்டேன்,
ஏழு மாசமாய்க் கேட்காமல் விட்டதை:
"உங்களுக்குன்னு என்ன பார்க்கணும்?"
விசில் ஊதும்வரை நின்றார்.
இருபுறத்து அலையும் வந்து வந்து
எதையோ தட்டிப் பார்த்துப் போயின.
"தெரியலைண்ணா," என்றார், செருப்பைத் தேடிக்கொண்டே.
"இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும்தான்."

மறுநாள் கிணறுகள் முடித்து
கிழக்குக் கோபுர வாசலில் வந்து ஏறினார்.
மாற்றுத்துணி இருந்தும் மாற்றவில்லை.
முடியிலிருந்து இருபத்திரண்டும் ஒன்றாய் ஒழுகின.
நீல விரிப்பின் நட்டநடுவே உட்கார்ந்தார்,
மிச்சமிருந்த மூன்று பேர் இடத்திலும்
தண்ணீர் போய்த் தேங்கியது.

நோட்டீஸில் அதற்குமேல் எதுவும் இல்லை.
பஸ்ஸுக்கு இன்னும் ஆறு மணி நேரம்.
"எங்கேம்மா?"
"நேரா போங்க."
"நேராப் போனா கடல்தான் வரும்."
கண்ணாடியில் பார்த்தேன்,
சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தார்.
"எந்தக் கடல்?"