கொக்கி

சட்டப் படிப்பு நுழைவுத்தேர்வில் நூற்று அறுபத்து நான்கு.
கல்லூரிச் சராசரி இரண்டு புள்ளி நான்கு ஒன்று.
முதல் எண் போன நவம்பரில் வாங்கியது.
இரண்டாவதுக்கு இருபத்தாறு வயது.
அதை வாங்கியவன் என் பெயரில் இருந்த எவனோ,
பகலெல்லாம் விடுதியில் தூங்கியவன்,
புள்ளியியலில் இரண்டு முறை தோற்றவன்.
இன்றைக்கு நான் போடுவதெல்லாம் புள்ளியியல் கணக்கு.

இழுவை வண்டியின் முன்னிருக்கை. ஹீட்டர் இரைகிறது.
டுலூத் துறைமுகம் உறைந்து கிடக்கிறது.
போன வருடம் சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்தினால்
நடுவில் நிற்பவனுக்கு என்ன மதிப்பெண்?
கல்லூரி கல்லூரியாக
டீசல் ரசீதின் முதுகில் எழுதுகிறேன்.
ஒரு எண்ணில் அவன் தலைக்கு மேலே நிற்கிறேன்,
இன்னொன்றில் அவன் நிற்கும் தரைக்கும் கீழே.

ஆலோசகர் மிஸ் டெக்ராஃப் போனில் சொன்னார்:
"நாற்பத்தேழு வயது குறையில்லை, மிஸ்டர் நீமி.
அது ஒரு கதை. எழுதுங்கள்.
இரண்டே பக்கம்."

கதை இருக்கிறது.
பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியரில்,
தவணை கட்டாத ஒரு நீல வேன்.
விடிகாலை நாலு மணி. முன்சக்கரங்களைத் தூக்கியாயிற்று.
ஐலி கார்வோனென் வெறுங்காலோடு பனியில் ஓடி வந்தாள்.
கத்தவில்லை. வேனுக்குள் குனிந்து
ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினாள்:
"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

டார்ச் வெளிச்சத்தில் படித்தேன்.
ஏழாம் பக்கத்தில், நோட்டீஸ் கொடுத்துப் பதினைந்து நாள் என்றிருந்தது.
தபால் முத்திரைக்கு அன்று ஒன்பதாவது நாள்.
கொக்கியை இறக்கினேன்.
வண்டி அங்கே இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன்.

இந்தக் கடைசி வரிதான் தொல்லை.
விண்ணப்பத்தின் ஒன்பதாம் கேள்வி நேர்மையைப் பற்றியது.
பதினொரு முறை எழுதி
பதினொரு முறையும் அந்த வரியை அடித்தேன்.
பன்னிரண்டாவதில் கை ஓய்ந்து, விட்டுவிட்டேன்.

மார்ச்சில் பதில்கள் வந்தன.
பெரிய கல்லூரிகள் இரண்டும் நாலு வரியில் மறுத்தன.
ஒன்று, காத்திருப்போர் பட்டியல். அதை நான் அறிவேன்,
டிசம்பர் இரவில் வண்டி நின்றுபோனவர்களிடம்
"இன்னும் நாற்பதே நிமிடம்" என்று நானே சொல்வதுதான்.
ஒன்று சேர்த்துக்கொண்டது.
பாதிக் கட்டணம் உதவித்தொகை. வகுப்பின் மேல்பாதியில் இருந்தால்தான்
இரண்டாம் வருடமும் உண்டு.

"இதே கடிதம் எத்தனை பேருக்குப் போயிருக்கும்?" என்றாள் டெல்ஃபின்.
மீன் கம்பெனியில் கணக்கெழுதுகிறவள்.
எண்பது பேருக்குக் கொடுத்து
நாற்பது பேரிடம் திரும்ப எடுப்பார்கள் என்றாள்.
விடிகாலையில் வந்து எடுப்பார்கள்.
எனக்குத் தெரியாதா அந்த வேலை.

கடிதத்தில் ஏழாம் பக்கத்தைத் தேடினேன்,
இரண்டு பக்கம்தான் இருந்தது.
மறுநாள், பழைய இரும்புக் கடையில்
எடை போடுமுன் பேசுகிற குரலில் கேட்டேன்:
நிபந்தனையை எடுங்கள், வேண்டுமானால் தொகையைக் குறையுங்கள்.

கேட்டுச் சொல்வதாகச் சொன்னான் ஒரு பையன்.
கொஞ்சம் தயங்கினான்.
"உங்கள் கட்டுரையைப் படித்தேன்.
அந்த வேன் அப்புறம் என்ன ஆயிற்று?"

அவளுக்கு ஆறு நாள் கிடைத்தது.
ஏழாம் நாள் வேறொருவன் வந்து இழுத்துப் போனான்,
எல்லாம் சட்டப்படி.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டிருந்தேன்.
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது,
பிறகு நின்றது.