கச்சான் எழும்புவதற்கு முன்

ஓந்தாச்சிமடத்தில் சூரியன் கடலுக்குள்ளிருந்து ஏறும்.
அதைப் படமெடுக்க மட்டக்களப்பிலிருந்தே
பொடியன்கள் மோட்டார்சைக்கிளில் வருவார்கள்.
நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு
பயித்தங்கொடிக்குக் கீழே குப்புறக் கிடப்பேன்.

ஆறேகாலிலிருந்து ஏழு மணி வரை எனக்குரியது.
எட்டரைக்கு வங்கியில்
காசாளர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.
அதற்குள் கச்சான் எழும்பிவிட்டால் எல்லாம் முடிந்தது:
இலை ஒரு நெல்லின் அகலம் ஆடினால்
என் கமராவுக்கு அது பூமியதிர்ச்சி.

கமரா, கல்முனையில் இஸ்திகார் நானாவின்
கலியாண ஸ்டூடியோவில் பாதி விலைக்கு வாங்கியது.
"இந்த லென்சு அறுநூறு பொம்பிளையைப் பார்த்திருக்கு,
கவனமா வைச்சுக்கொள்ளுங்க" என்று தந்தார்.
நான் அதைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி,
ஒரு வளையத்தில் பூட்டினேன்.
இப்போது அது
கடுகளவு வண்டின் தாடையைப் பார்க்கிறது.
பிளாஷ் வெளிச்சம் முகத்தில் அறையாமலிருக்க
சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றை இரண்டாக மடித்து ஒட்டினேன்.
வெயில் ஏற ஏற அது கொஞ்சம் பருப்பு மணக்கும்.

திருகிப் பிடிக்கிற வேலையில்லை இது. உடம்புதான் திருகி.
முழங்கையை மண்ணில் ஊன்றி
மூச்சை விட்டு, அடுத்த மூச்சை எடுக்காமல்
ஒரு மயிரளவு முன்னே, ஒரு மயிரளவு பின்னே.
கண் தெளிந்தால் கால் மங்கும்,
கால் தெளிந்தால் கண்.
எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டமாட்டேன் என்கிறது கண்ணாடி.
சரி, கண் போதும்.

நாளுக்கு இருநூறு பேர் காசு வாங்க வருவார்கள்,
பின்னேரம் ஒரு முகமும் நினைவிராது.
சித்திரையில் முருங்கையில் கண்ட மயிர்க்கொட்டியை
(வலப்பக்கம் ஒரு கற்றை உதிர்ந்தது)
இன்றைக்கும் தெருவில் கண்டால் அடையாளம் சொல்வேன்.

ஒரு நாள் வேலிக்கு அங்காலிருந்து ஞானவடிவு அக்கா:
"என்னகா, தோடு விழுந்திட்டா?"
இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் கை அசையும்.
பேசாமல் கிடந்தேன்.
அவ கிடுகை விலக்கிக்கொண்டு வந்து
பக்கத்தில் முட்டுக்காலில் இருந்து
புல்லைக் கோதிக் கோதித் தேடத் தொடங்கினா.
"சோடியா, ஒண்டா? கல்லு வைச்சதா?"

திரையைக் காட்டினேன்.
பாயும் சிலந்தி. பச்சரிசியில் பாதி.
முன்னுக்கு இரண்டு பெரிய கண், பக்கத்தில் சின்னன் இரண்டு,
நெற்றியெல்லாம் நரைமயிர்.
வாய்க்குப் பக்கத்துச் சிறு கைகளால்
முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.
அக்கா நெடுநேரம் பார்த்தா.
"வேலைக்கு வெளிக்கிடுது" என்றா.
மறுகா, கோபமாக:
"இனி நான் எப்படியடி பயித்தைக்கு மருந்தடிக்கிறது?"

அடிக்காமல் விட முடியாது.
குருத்தெல்லாம் கறுப்பாய் அழுக்கணவன் மொய்த்திருந்தது.
சனிக்கிழமை பதினொரு மணிக்கு,
முதுகில் மருந்துத் தாங்கியோடு, வேலியில் நின்று கூப்பிட்டா:
"அடிக்கப் போறன். ஆக்களைப் படமெடுக்கிறதெண்டா
இப்ப வந்து எடு."

வாவிப் பக்கமிருந்து, அடுப்பைத் திறந்தது போல, கச்சான்.
தென்னோலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன.
சரிவராது என்றேன்.
அக்கா காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினா,
தாங்கியும் சட்டையும் அவவுமாக ஒரு சுவர்.
கொடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்டா:
"மூச்சு விடலாமா?"
"விடாதீங்க."

நாற்பத்திமூன்று படம். நாற்பத்திரண்டு பஞ்சு.
மிச்சம் ஒன்றில்
அழுக்கணவனிடம் வாங்கிய தேன்துளியோடு ஒரு எறும்பு.
துளிக்குள் கிடுகுவேலி தலைகீழ்.
ஓரத்தில் மங்கலாக ஒரு மலை:
அக்காவின் பெருவிரல், நகத்தடியில் மண்.

அதை வெட்டினால் நல்ல படம் என்கிறார் இஸ்திகார் நானா.
வெட்டவில்லை.

அன்று பின்னேரம் பம்பு கிறீச்சிடுவது கேட்டது.
திங்கட்கிழமை ஆறேகாலுக்கு, வழமை போல, குப்புறக் கிடந்தேன்.
வேலிக்கு அங்காலிருந்து, மெதுவாக:
"இருக்கா?"
"தேடுறன்."