பச்சைக்கு இருபது ரூபாய் குறைவு

புதுப்பேட்டையில் என் கடைக்கு வரும் செம்பு
ஒருபோதும் முழுசாக வந்ததில்லை.
மோட்டார் குடலாக வரும்,
எரித்த ஒயரின் கரிவாசனையோடு வரும்,
ஏசிக் குழாய், கீசர் வயிறு,
அடி ஓட்டையான அண்டா.
தராசுக்கு எல்லாம் ஒரே ஜாதி.
பச்சை பிடித்திருந்தால் மட்டும்
கிலோவுக்கு இருபது ரூபாய் குறைப்பேன்.
இருபத்தாறு வருஷமாக அதுதான் சட்டம்.
போட்டது நான்தான்.

போன மாசம் எர்ணாவூரில்
என் வீட்டு உச்சிக்குப் புதுச் செம்பு ஏறியது.

மாடிப்படி ஹெட்ரூமுக்குச் சரிவாய் ஒரு கூரை,
விளிம்பெல்லாம் தகடு, முகட்டில் ஒரு குமிழ்.
வரைந்து தந்தது மகளோடு படித்த பெண்.
"அலுமினியமே போதுமே அங்கிள்?"
செம்பு என்றேன்.
ஏன் என்றாள்.
வாங்கும் விலை தெரியும்,
விற்கும் விலை தெரியும்,
வைத்துக்கொள்வதற்கு என்ன விலை
என்று இதுவரை தெரியாது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
"சும்மாதாம்மா" என்றேன்.

தாவீது ராயபுரத்துக்காரர்.
ஆபரேஷனுக்குப் போகிறவர் போலக் கையுறை மாட்டினார்.
"வெறுங்கையால தொடாதீங்க மொதலாளி,
ரேக அப்படியே கறுத்து நிக்கும்."
பழைய டப்பாவிலிருந்து நான் எடுத்துத் தந்த
இரும்பு ஆணிகளைத் திருப்பிக் கொடுத்தார்.
"உப்புக்காத்துல இது ரெண்டும் ஒண்ணா இருந்தா
ஒண்ண ஒண்ணு தின்னுரும்."
கீழே நின்ற பவளக்கொடி
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மரச்சுத்தியல் தட்டத் தட்ட
தகடு மடங்கி, தன் ஓரத்தைத் தானே கவ்வியது.
எதிர்மாடியில் துணி உலர்த்திய சலோமி
"கோயில் கட்றீங்களாண்ணே?" என்று கத்தினாள்.
பத்து மணி வெயில் பட்டதும்
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நைட்டோட நைட்டா கழட்டிட்டுப் போயிருவானுங்க"
என்றான் மச்சான்.
"போகட்டும்டா, எங்க போவும்?
சுத்திச் சுத்தி என் கடைக்குத்தான் வரும்."
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
படுத்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.
என் கூரையை எனக்கே விற்க வருபவனிடம்
எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்பேனா?
இதுவரை யாரிடமும் கேட்டதில்லையே.

இரண்டாம் நாள் தாவீது டீக்கு இறங்கினார்.
நான் ஏணியில் ஏறினேன்.
கடல் பக்கத்து ஓரம், கை எட்டும் தூரம்.
மணலிப் புகைக்கு மேலே அப்படி ஒரு சிவப்பை
மொத்தமாக நான் பார்த்ததில்லை.
கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
சின்ன அரம்.
ஒரு இழுப்பு.
உள்ளேயும் சிவப்பு. சுத்தமான மால்.
அப்புறம்தான் உறைத்தது
இது கடை இல்லை.

தாவீது அந்தக் கீறலை வெகுநேரம் பார்த்தார்.
திட்டியிருக்கலாம்.
"மொதல்ல பழுப்பாவும், அப்புறம் கறுக்கும்.
கடக்காத்துல பச்ச ஏறிடுச்சுன்னா
கோடு தெரியாது, விடுங்க."
"எத்தன வருஷம்?"
"ஏழு, எட்டு. காத்தப் பொறுத்தது."

மிச்சத் துண்டுகளைச் சுருட்டி என் கையில் வைத்தார்.
ஒரு கிலோ எழுநூறு,
தராசு தேவைப்படவில்லை.
அது இன்னும் பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே மாடிக்குப் போகிறேன்.
இன்னும் பழுப்புகூட ஆகவில்லை.
கோடு மட்டும் பளபளவென்று
எனக்கு முன்னால் எழுந்து நிற்கிறது.

நேற்று கடைக்கு ஒரு பையன் வந்தான்.
சாக்கில் வளைந்த தகடு ஒன்று,
முழுக்கப் பச்சை, பாசி போல, மயில்கழுத்து போல.
இருபது ரூபாய் குறைக்க வாய் திறந்தவன்
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
"தம்பி, இந்தப் பச்ச
எத்தன வருஷத்துப் பச்சடா?
எங்க இருந்துச்சு இது?"

காலரைப் பிடித்தது போல விழித்தான்.
தகட்டைப் பிடுங்கி
சாக்கைக்கூட எடுக்காமல்
ஓடியே போய்விட்டான்.