பின்னிருக்கை

ஷரோலிலிருந்து தெற்கே,
ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கை வைத்த சைக்கிள்.
வாடகைக் கடைக்காரி எங்களை ஏற இறங்கப் பார்த்து
"மணமுறிவு வண்டி என்பார்கள் இதை" என்றாள்,
சிரிக்காமல்.
தயாபரன் என்ற உன் பெயரை
மூன்று பிழையோடு ரசீதில் எழுதினாள்.
முன்பணம் இருநூறு யூரோ.

முன்னால் நீ.
ஹேண்டில், பிரேக், கியர், மணி,
வரப்போகும் வளைவு, அதற்கடுத்த வானம்
எல்லாம் உனக்கு.
எனக்கு உன் முதுகு.
முதல் மேட்டில் அதில் ஒரு சிறு குளம் ஊறியது.
இரண்டாவதில் ஏரி.
மூன்றாவதில் கரை உடைந்து
இடுப்புப்பட்டி வரை வெள்ளம்.

பக்கவாட்டில்தான் எனக்கு உலகம்.
வேலிக்கு அப்பால் வெள்ளை மாடுகள்,
நேற்றுத்தான் சுண்ணாம்பு அடித்ததுபோல.
எழுந்திருக்காமல், அசைபோடுவதை நிறுத்தாமல்,
ஒரு வயலின் கண்களிலிருந்து அடுத்த வயலின் கண்களுக்கு
எங்களைக் கைமாற்றிவிட்டன.
வெட்டிய புல் உருளை உருளையாய்க் கிடந்தது.
ஆள் நடமாட்டமே இல்லை.
வாதுமை மர நிழலில் ஒரு டிராக்டர் மட்டும்
அணைக்க மறந்த கோபத்தோடு உறுமிக்கொண்டிருந்தது.

"நீ மிதிக்கிறியோ?" என்றாய்.
"ஓம்."
அரைக் கிலோமீட்டர் கழித்து,
"உண்மையா மிதிக்கிறியோ?"

ஆறு வருடமாய் இதே கேள்வி.
வீட்டு வாடகை கட்டும் நாளில் வேறு சொற்களில்,
உன் தம்பியின் கடனுக்காக
நான் இரவு வேலைக்குப் போன குளிர்காலத்தில்
சொற்களே இல்லாமல்.
இந்த வண்டியில் இரண்டு பேர் காலும்
ஒன்றாகத்தான் சுற்றும்.
சுற்றுவது வேறு, மிதிப்பது வேறு.
அது சங்கிலிக்குத் தெரியும்,
சங்கிலி யாரிடமும் சொல்லாது.

பெயர்ப்பலகையைத் தாண்டியதும்
முடிந்துபோகிற ஊர் ஒன்று.
பலாச்சுளை நிறக் கல்லில் தேவாலயம்.
கல்லறைத் தோட்டத்துக் குழாயில் போத்தல்களை நிரப்பிக்கொண்டு
வாசல் வளைவின் கீழ் அண்ணாந்து நின்றோம்.
தராசு பிடித்த தேவதை.
ஒரு தட்டில் கைகூப்பிய சின்ன உயிர்,
மறு தட்டில் தொங்கி இழுக்கும் பிசாசு.
தேவதையின் தலையை எந்தக் காலத்திலோ யாரோ
சுத்தியலால் உடைத்திருக்கிறார்கள்.
பிசாசுக்கு ஒரு கீறலும் இல்லை.
"கள்ளத் தராசு" என்றாய்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பந்தோடு வந்த பையன் ஒருவன்,
பதினொரு வயதிருக்கும், பெயர் மக்ஸான்ஸ்,
வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான்.
"பின்னால் இருக்கிறவர்
சும்மா உட்கார்ந்து வரலாம்தானே?"
காலையிலிருந்து முதல் தடவையாக நீ சிரித்தாய்.
கல் வளைவுக்குள் அது பெரிதாகக் கேட்டது.
நான் சாவியைத் தேடி எடுத்து
முன்னிருக்கையை நான்கு விரற்கடை இறக்கினேன்.

முன்னால் காற்று இருந்தது.
இதை நீ எனக்குச் சொல்லவேயில்லை.
பூச்சிகள் வாய்க்குள் வந்தன.
குழி ஒன்றும் முன்னறிவிப்போடு வரவில்லை.
இவ்வளவு நேரம் உன் முதுகு
எத்தனை குழிகளை எனக்கு மறைத்திருக்கிறது.
அர்கோன்ஸ் ஆற்றை நோக்கி இறங்கும்போது
பிரேக்கைப் பிடித்த கை விறைத்துப்போனது.
பின்னாலிருந்து உன் குரல்,
ஆறு வருடத்தில் நான் கேட்டிராத சாவகாசத்தில்:
"அங்க பாரன், நாரை."
பார்க்க முடியவில்லை.
"பறக்குது... இப்ப இல்லை."

பாலம் கடந்து ஏற்றம்.
இப்போதாவது சொல்ல வேண்டும்:
காலையில் மூன்றாம் மேட்டில் நான் மிதிக்கவில்லை.
மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்றத்தின் நடுவில்
வண்டி திடீரென்று கனத்தது.
வலப்பக்க வேலியோரம்
கன்றோடு ஒரு வெள்ளைப் பசு.

நான் கேட்கவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.
எதிரே யாருமில்லாத சாலையில்
மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.