தொண்ணூறு சென்டிமீட்டர்

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் உருளைகளுக்கு
அச்சு கடைந்து கொடுப்பவள் நான்.
டாக்டர் லியாகத் அன்றைக்கு வந்து
பட்டறைப் பலகையில்
ஒரு கிழிந்த லாரி டயரை வைத்தார்.
"இதைத் துளைக்க ஒரு குழாய் வேணும், கங்கி.
பிசிறு கூடாது.
போகும்போது அது கத்தி. போனபிறகு வாசல்."

டயர் யார் என்று கேட்டேன்.
காண்டாமிருகம் என்றார்.
கீழே சமவெளியில், கம்பிக்குப் பின்னால்.
பெயர் பேபி. வயது இருபத்தேழு.
ஒருமுறையும் சினைப்படவில்லை.
சும்மா வந்து சும்மா போன பருவங்கள்
உள்ளே கட்டியாகி உட்காரும் என்றார்
மின்கட்டணம் வாசிப்பதுபோல.
மனிதருக்கான கருவி முப்பது சென்டிமீட்டர்.
தோலைத் தாண்டவே அதில் ஐந்து போய்விடும்.
பிறகு கொழுப்பு, சதை,
குடல், குடல், குடல்.

வயிற்றைக் கிழித்தால் என்ன என்றேன்.
"ரெண்டு டன். ரொம்ப நேரம் படுத்தால்
அவள் எடையே அவளை நசுக்கும்.
தையல் போட்டாலோ சேற்றில் புரளுவாள்."

சேலைக்கு அடியில்
ஊட்டி ஆஸ்பத்திரி போட்ட கோடு
தொப்புளிலிருந்து கீழே ஒன்பது அங்குலம்.
நாற்பது நாள் குனியாதே என்றார்கள்.
பதினெட்டாம் நாள் லேத்தை ஓட்டினேன்.
சேறு எனக்கும் இருந்தது.

முதல் குழாய் ஒரு சாண் போதவில்லை.
இரண்டாவது டயரிலேயே வளைந்தது.
மூன்றாவதன் முனையை
மூன்று பட்டையாக்கித் தேய்த்துத் தேய்த்து
கன்னத்தில் உரசிப் பார்த்தேன்.
பட்டறைக்குள் வந்த பனி அதில் பூத்தது.

பிறகு செல்போனில் ஒரு படம்.
சிவந்த ஈர இருட்டு
மூச்சுக்கு மூச்சு அசைந்துகொண்டிருந்தது.
ஓரத்தில் ஒரு வளையம், என் குழாயின் வாய்.
அதன் உள்விளிம்பில் நான் விட்ட கீறல்
எனக்கு மட்டும் தெரிந்தது.
இடப்பக்கச் சினைப்பை வந்துவிட்டதாம்
பையில் போட்டு நறுக்கி,
பொடி உருளைக்கிழங்கு மாதிரி.
வலப்பக்கம் எட்டவில்லை.
நின்றபடியே இருந்தாள். மூன்று துளைகள்தான்.
சாயங்காலம் தின்றாள்.

எட்டவில்லை என்ற சொல்லோடு
இரண்டு நாள் கிடந்தேன்.

பில் கேட்டார்கள்.
என் பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பது
கேரட் கழுவும் இயந்திர உதிரிபாகங்கள்.
தணிக்கைக்காரர் சிரிப்பாரே என்றார் டாக்டர்.
அடித்து எழுதவில்லை.
எண்ணிக்கை ஒன்று என்று போட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த கம்பியை லேத்தில் மாட்டினேன்.
நூற்றுப்பத்து.