வற்றக் கணக்கு

காலை ஆறு பத்துக்கு என் முதல் அழைப்பு.
"இன்று ஒன்பது முதல் பதினொன்று வரை சுடுகிறார்கள்,
கன்றுகளை உள்ளே கட்டிவிடுங்கள்."
வில்ஃப் கில்பினின் பதில் என்றைக்கும் ஒன்றுதான்:
"அதுகளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், ஐலீன்."
பத்தொன்பது ஆண்டாக இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வரப்போகும் சத்தத்தை
முந்திக்கொண்டு
மெல்லிய குரலில் சொல்லிவைப்பது.

எங்கள் கரையில் கடல் நாளுக்கு இருமுறை
நான்கு மைல் பின்வாங்கும்.
அந்த ஈர வெளியில்தான் குண்டு விழும்.
எங்கே விழுந்தது, எத்தனை அடி புதைந்தது,
வெடித்ததா, ஏமாற்றியதா
என்று பார்க்க
கார்த் ஸ்லீ டிராக்டரில் போவான்.
ஏற்றம் திரும்புவதற்குள் பொறுக்கி வந்துவிட வேண்டும்.
கிடைத்தவற்றை நீல மையில் எழுதுவேன்.
கிடைக்காதவற்றைச் சிவப்பில்.
நீலப் பதிவேடுகளுக்கு ஓர் அலமாரி போதும்.
சிவப்புக்குத் தனி அறை.

மார்ச்சில் அமைச்சகத்தின் கடிதம் வந்தது.
'எதிர்காலம்' என்ற சொல் அதில் பதினோரு இடத்தில்.
எண்ணினேன், தொழில் பழக்கம்.
இந்த நிதியாண்டோடு பணம் நிற்கலாம்,
நிற்காமலும் போகலாம்,
பார்வையிட ஒருவர் வருகிறார்.

அன்று மாலையே
கண்ணாடி பொருத்தும் ஆஸ்கேர்த் என் வாசலில் நின்றான்.
பெரிய பீரங்கி பேசும் நாளில்
ஏழெட்டு ஜன்னலாவது விரிசல் விடும்,
இழப்பீட்டுப் படிவத்தில் முத்திரை குத்துபவள் நான்,
அதில் பாதி அவன் வீட்டு அடுப்புக்குப் போகிறது.
செவிலி ப்ரூயினுக்கோ மூடினால் நிம்மதி,
கைக்குழந்தைகள் மதியம் தூங்கும்.
விடுதிக்காரர் மனதில் அதற்குள் கோல்ஃப் மைதானம்
பச்சையாக விரிந்துவிட்டது.
பறவைகளை எண்ணும் டில்லி மட்டும் கேட்டாள்:
மனிதக் கால் படாத மணல் இது ஒன்றுதானே,
வேலியைப் பிடுங்கினால்
உள்ளான்கள் எங்கே போய் முட்டையிடும்?
என் வீட்டுக் கடன் முடிய இன்னும் ஆறு ஆண்டு.
நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை.

வந்தவர் பெயர் ஃபெரிபி.
நாங்கள் இரவல் தந்த ரப்பர் பூட்ஸ் அவருக்குப் பெரிது,
நடக்க நடக்கச் சளக் சளக்கென்றது.
"நடத்த ஆண்டுக்கு எவ்வளவு?"
அதிகாரி சொன்னார்.
"மூட?"
அதிகாரி என்னைப் பார்த்தார்.
நான் சிவப்பு அறையின் சாவியை எடுத்தேன்.

மதியம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார்.
தேநீரில் ஆடை படிந்தது.
ஒரு வரிக்கு ஒரு குழி.
தோண்டத் தெரிந்தவர்கள் வேண்டும்,
அவர்கள் தோண்டும்வரை கடல் காத்திருக்க வேண்டும்.
மணலோ ஓரிடத்தில் நிற்பதில்லை.
ஒரு குளிர்காலத்தில் விழுங்கியதை
எங்கேயோ எப்போதோ துப்பும்.
கணக்குப் பொறியைத் தட்டினார்,
அழித்தார், மறுபடி தட்டினார்.
எட்டிப் பார்த்தேன்.
சம்பள நாளில் நாங்கள் நிற்பதுபோல்
சுழியங்கள் வரிசையில் நின்றன.

"மூடுகிற அளவுக்குப் பணமில்லை" என்றார்,
என்னிடம் அல்ல, பூட்ஸிடம்.

ஜூனில் உத்தரவு வந்தது.
இன்னும் பத்து ஆண்டுக்கு நிதி.
'நாட்டின் பாதுகாப்புக்காக' என்று போட்டது செய்தித்தாள்.
விடுதியில் முதல் கோப்பை இலவசம்.
ஆஸ்கேர்த் மேசைமேல் ஏறிப் பாடினான்,
டில்லிகூட வந்து ஓரமாக நின்றாள்,
செவிலி ப்ரூயின் வரவில்லை.

மறுநாள் வற்றம் முடிந்து
முழங்கால்வரை சேற்றோடு வந்தான் கார்த்.
"பன்னிரண்டில் ஒன்று கிடைக்கவில்லை."
முன்பெல்லாம் இதை மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்வான்.
இன்று தொப்பியைக் கழற்றி உதறினான்.
"தொலைந்ததுதானே நமக்குச் சோறு போடுகிறது, எழுது."
எழுதினேன்.
மை வழக்கத்தைவிட
நெடுநேரம் காயாமல் இருந்தது,
அல்லது நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு பத்து.
"ஒன்பது முதல் பதினொன்று வரை" என்றேன்.
"எத்தனை வருஷத்துக்கு?" என்றார் கில்பின்.
"பத்து."
அவருக்குப் பின்னால் ஏதோ ஒன்று கத்தியது,
வாளி உருண்டது.
"சரி," என்றார்,
"கன்றுகளிடம் சொல்லிவிடுகிறேன்."